அச்சேறாத செய்திக்காக நடந்த சோதனை: மேரியன் கவுண்டி நிகழ்வு ஆய்வு

2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஓர் ஊரின் காவல்துறை அந்த ஊர் வாரப் பத்திரிகையின் அலுவலகத்துக்குள் புகுந்து கணினிகளை அள்ளிச் சென்றது. நிகழ்வு உலகச் செய்தியானது. அப்போது பேசப்பட்டதெல்லாம் பெரும்பாலும் பத்திரிகைச் சுதந்திரம் பற்றித்தான், அது சரியான பேச்சுதான். ஆனால் உள்ளாட்சி வேலையைப் பக்கத்தில் இருந்து பார்ப்பவர்களுக்கு இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஒரு காகிதம் மேசை மேசையாக நகர்ந்தபோது "கொஞ்சம் பொறுங்கள்" என்று யாரும் சொல்லவில்லை. எந்தெந்த மேசையில் அப்படிச் சொல்லியிருக்கலாம் என்று பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம். சம்பந்தப்பட்டவர்களைப் பெயரால் அல்லாமல் பொறுப்பால் குறிப்பிடுகிறேன்.

ஊரும் பத்திரிகையும்

மேரியன் நகரம் மேரியன் கவுண்டியின் தலைநகர். கவுண்டி என்பது மாநிலத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பிரிவு. நீதிமன்றம், ஷெரிஃப் அலுவலகம் (கவுண்டியின் காவல் அமைப்பு), அரசு வழக்கறிஞர் எல்லாம் அந்த அளவில்தான் இயங்குகின்றன. கவுண்டி முழுவதிலும் சேர்த்துப் பன்னிரண்டாயிரம் பேருக்குச் சற்றுக் குறைவு. கோதுமை விளையும் சமவெளி. பக்கத்துப் பெருநகரமான விச்சிடாவுக்கு வடக்கே ஒரு மணி நேரக் கார்ப் பயணம்.

மேரியன் கவுண்டி ரெக்கார்ட் 1869-இல் தொடங்கிய வாரப் பத்திரிகை. புதன்தோறும் வரும். சோதனை நடந்த காலத்தில் சுமார் நாலாயிரம் பிரதிகள் போயின, அதாவது ஊர் மக்கள்தொகையைப் போல இரண்டு மடங்கு. 1998-இல் அதை வெளியூர் நிறுவனம் ஒன்று வாங்கிவிடும் நிலை வந்தபோது, அரை நூற்றாண்டாக அதில் வேலை பார்த்த ஆசிரியரின் குடும்பமே விலைக்கு வாங்கிக்கொண்டது. 2023-இல் பொறுப்பில் இருந்தவர் அந்த ஆசிரியரின் மகன். பெரிய நாளிதழில் வேலை பார்த்து, பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்து, பிறகு சொந்த ஊருக்குத் திரும்பியவர். 98 வயதான தாயார் இணை உரிமையாளர். அவரும் பல பத்தாண்டுகள் அதே பத்திரிகையில் எழுதியவர்.

இவர்கள் நகர மன்றக் கூட்டத்துக்குப் போய், வரவு செலவைக் கேள்வி கேட்டு, பெயர் போட்டு எழுதுபவர்கள். ஊரில் பாதிப் பேருக்கு அது பிடித்திருந்தது, மீதிப் பேருக்கு எரிச்சல். சிறிய ஊரில் உருப்படியான பத்திரிகை இருந்தால் இப்படித்தான் இருக்கும்.

அந்த ஆண்டு நடுவில் நகரத்துக்குப் புதிய காவல் தலைவர் வந்தார். கான்சாஸ் சிட்டி காவல்துறையில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அங்கிருந்து எந்தச் சூழலில் விலகினார் என்பது பற்றிப் பத்திரிகைக்குச் சிலர் தகவல் சொன்னார்கள். பத்திரிகை விசாரித்தது. தகவல் கொடுத்தவர்கள் பெயர் வெளியிடச் சம்மதிக்காததால் எதையும் அச்சிடவில்லை. ஆனால் விசாரிக்கிறார்கள் என்பது காவல் தலைவருக்குத் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் முதல் வாரம்

ஆகஸ்ட் தொடக்கத்தில், அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சி உள்ளூர் உணவகம் ஒன்றில் நடந்தது. உணவக உரிமையாளர் பத்திரிகை வெளியீட்டாளரையும் செய்தியாளரையும் வெளியே அனுப்பச் சொன்னார். காவல் தலைவர் வந்து அனுப்பினார்.

ஒன்றிரண்டு நாளில் செய்தியாளர் ஒருவருக்கு ஃபேஸ்புக் வழியே ஓர் ஆவணப் படம் வந்தது. மாநில வருவாய்த் துறை அந்த உரிமையாளருக்கு எழுதிய கடிதம் அது. 2008-இல் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கின் தொடர்ச்சியாக, ஓட்டுநர் உரிமத்தை மீண்டும் பெற அவர் என்னென்ன செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. இது செய்தியாகும் காரணம் இரண்டு. ஒன்று, அவர் நகர மன்றத்திடம் மது பரிமாற அனுமதி கேட்டிருந்தார். இரண்டு, உரிமம் இல்லாமல் அவர் வண்டி ஓட்டுவது காவல்துறைக்குத் தெரிந்தும் கண்டுகொள்ளவில்லை என்று தகவல் கொடுத்தவர் சொன்னார். அதே ஆவணம் துணை மேயருக்கும் போயிருந்தது. அவர் அதை நகர நிர்வாக அதிகாரிக்கு அனுப்பினார்.

பத்திரிகை எடுத்த முடிவுகள் மூன்று.

முதலாவது, ஆவணம் உண்மையா என்று சரிபார்த்தார்கள். மாநில வருவாய்த் துறையின் இணையதளத்தில் பெயர், பிறந்த தேதி, உரிம எண் கொடுத்தால் உரிமத்தின் நிலை தெரியும். பார்க்கும் காரணத்தைப் பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். செய்தியாளர் தேடினார், ஆவணம் உண்மைதான் என்று தெரிந்தது.

இரண்டாவது, வெளியிட வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். குடும்ப வழக்கு ஒன்றின் பகையில் யாரோ தங்களைக் கருவியாக்கப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் வெளியீட்டாளருக்கு இருந்தது.

மூன்றாவது, ஆகஸ்ட் 4 வெள்ளிக்கிழமை, இப்படி ஒரு தகவல் வந்திருக்கிறது என்று வெளியீட்டாளரே காவல் தலைவருக்கும் ஷெரிஃபுக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். காவல்துறை மீது புகார் என்பதால் அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. திருட்டுத்தனமாகத் தகவல் எடுத்தவர் எவரும் காவல் தலைவருக்குத் தானே கடிதம் எழுதமாட்டார். இந்த எளிய விஷயம் பிறகு வந்த ஒரு வாரத்தில் எவர் கண்ணிலும் படாமல் போனது.

நகர மன்றக் கூட்டம்

ஆகஸ்ட் 7 திங்கள்கிழமை நகர மன்றம் கூடியது. உணவக உரிமையாளர் எழுந்து, பத்திரிகை தன் தனிப்பட்ட ஆவணத்தைச் சட்டவிரோதமாக எடுத்தது என்றும், துணை மேயர் அதைப் பரப்பினார் என்றும் குற்றம் சாட்டினார். பழைய வழக்கு இருந்ததையும் அவரே ஒப்புக்கொண்டார். மன்றம் அனுமதியை வழங்கியது.

பத்திரிகை சும்மா இருக்க முடியவில்லை. பொது மேடையில் குற்றச்சாட்டு வந்துவிட்டதால், நடந்ததை விளக்கி ஆகஸ்ட் 9 இதழில் எழுதினார்கள். வெளியிட வேண்டாம் என்று வைத்திருந்த விஷயம் சம்பந்தப்பட்டவர் வாயாலேயே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

உரிமையாளரின் கோபம் எனக்குப் புரிகிறது. தன் பழைய தவறு ஒன்று இன்பாக்ஸ் இன்பாக்ஸாகச் சுற்றுகிறது என்று தெரிந்தால் யாருக்கும் ஆத்திரம் வரும். புகார் கொடுக்க அவருக்கு உரிமை உண்டு. புகாரை எடைபோட வேண்டியது அதை வாங்கியவர்கள்.

வாரண்ட்

காவல்துறை இதை அடையாளத் திருட்டு, சட்டவிரோதக் கணினிப் பயன்பாடு என்ற இரண்டு தலைப்பில் எடுத்துக்கொண்டது. இணையதளத்தில் தேடியவர் ஒன்று உரிமையாளராக நடித்திருக்க வேண்டும், அல்லது காரணத்தைப் பொய்யாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பது காவல் தலைவரின் பிரமாணப் பத்திரத்தில் இருந்த வாதம்.

வாதத்தின் ஓட்டை எங்கே? அந்த இணையப் பக்கம் பொதுமக்கள் பார்க்கவே திறந்து வைக்கப்பட்டது. வருவாய்த் துறையின் செய்தித் தொடர்பாளரே பிறகு இதைச் சொன்னார். வாகன ஓட்டிகளின் தகவலைக் காக்க 1994-இல் வந்த கூட்டாட்சிச் சட்டத்திலும் விதிவிலக்குகள் பல உண்டு. தேடியது குற்றமா இல்லையா என்று உறுதிப்படுத்தாமலேயே, குற்றம் நடந்தது என்ற அடிமானத்தில் மேலே மேலே கட்டினார்கள்.

அடுத்த கேள்வி, ஏன் சோதனை வாரண்ட்? ஆவணம் வேண்டுமென்றால் சம்மன் அனுப்பிக் கேட்கலாம். இதற்கு அமெரிக்காவில் ஒரு வரலாறு இருக்கிறது. 1971-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் நாளிதழின் அலுவலகத்தைப் போலீஸ் சோதனையிட்டது. ஒரு மோதலின் புகைப்படங்களைத் தேடிப் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அரசியலமைப்பு இதைத் தடுக்கவில்லை என்று 1978-இல் தீர்ப்பு வந்தது. அதற்குப் பதிலாகவே 1980-இல் நாடாளுமன்றம் தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. செய்தியாளரின் குறிப்புகளையும் ஆவணங்களையும், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, சோதனை போட்டு எடுக்கக் கூடாது. கான்சாஸிலும் செய்தியாளரின் தகவல் மூலத்தைக் காக்கும் சட்டம் 2010 முதல் இருக்கிறது.

இந்தச் சட்டங்கள் ரகசியமானவை அல்ல. ஆனால் ஒரு சிறிய ஊரின் காவலர் தன் பணிக்காலம் முழுவதிலும் ஒரு பத்திரிகை அலுவலகத்தைச் சோதனையிட வேண்டிய தேவையே வராது. அறிந்திராத சட்டம் குறுக்கே நிற்கும் இடத்தில்தான் இன்னொருவரிடம் கேட்க வேண்டும். கேட்டதாகத் தெரியவில்லை. ஆகஸ்ட் 11 காலை மாஜிஸ்திரேட் வாரண்டுகளில் கையெழுத்திட்டார். பத்திரிகை அலுவலகம், வெளியீட்டாளர் வீடு, துணை மேயர் வீடு என மூன்று இடங்கள். சில மணி நேரத்தில் மூன்றிலும் ஆட்கள் நுழைந்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட் 11

நகரக் காவல்துறையின் ஆட்களோடு ஷெரிஃப் அலுவலகத்தினரும் வந்தார்கள். அலுவலகத்தில் கணினிகள், கைபேசிகள், கோப்புகள் வைத்திருந்த சர்வர் எல்லாவற்றையும் எடுத்தார்கள். வழக்குக்குத் தொடர்பில்லாத கருவிகளை ஒதுக்குவதற்காக, எடுக்கும் முன் அங்கேயே ஒரு முன்சோதனை செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. அது நேரம் பிடித்ததால் கைவிடப்பட்டது. செய்தியாளர் ஒருவரின் கையிலிருந்து கைபேசியைக் காவல் தலைவர் பிடுங்கியபோது செய்தியாளருக்கு விரலில் காயம்.

அந்தச் செய்தியாளரின் மேசையில்தான் காவல் தலைவரின் பழைய பணி பற்றிய கோப்பும் இருந்தது. காவலர் உடையில் பொருத்திய கேமராப் பதிவு பின்னாளில் வெளியே வந்தபோது, அந்தக் கோப்பு காவல் தலைவரின் கவனத்துக்கு வந்ததும் தெரிந்தது. வாரண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவர் எந்த நோக்கத்தோடு வந்தார் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் தன்னைப் பற்றி விசாரிக்கிற ஓர் அலுவலகத்தைத் தானே தலைமை தாங்கிச் சோதனையிட்டவர், நோக்கம் சுத்தமாகவே இருந்திருந்தாலும், அதை நிரூபிக்கும் வழியைத் தானே அடைத்துக்கொண்டார்.

வெளியீட்டாளரின் வீட்டில் 98 வயதுத் தாயார், நடைவண்டியைப் பிடித்தபடி, இது என் வீடு, எதையும் தொடாதே என்று காவலர்களிடம் சத்தம் போட்டார். வீட்டுக் கேமராவில் அது பதிவானது. அவருடைய கணினியையும் இணைய ரவுட்டரையும் எடுத்துச் சென்றார்கள். அன்று அவர் சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்று குடும்பத்தார் சொன்னார்கள். மறுநாள் சனிக்கிழமை இறந்துபோனார். சோதனையின் அதிர்ச்சிதான் காரணம் என்பது மகனின் நிலை.

துணை மேயர் வீட்டிலும் இதே கதை. அவர் செய்தது தனக்கு வந்த தகவலை நகர நிர்வாகத்துக்கு அனுப்பியது மட்டும். கணவர் மறதி நோயாளி. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பிரதிநிதியின் வீட்டுக்குள் அவரது நகரத்தின் காவல்துறையே நுழைந்தது. பத்திரிகை மீதே எல்லோர் பார்வையும் இருந்ததால் இந்தப் பக்கம் குறைவாகவே பேசப்பட்டது.

புதன்கிழமை இதழ்

அடுத்த இதழ் ஆகஸ்ட் 16. கையில் கணினி இல்லை, பக்க வடிவமைப்புகள் இல்லை, விளம்பரங்களின் கோப்புகள் இல்லை. தாயாரின் இறுதிச் சடங்கு ஏற்பாடுகள் ஒருபுறம். கிடைத்த பழைய கணினிகளைத் தூசி தட்டி, மாநிலப் பத்திரிகைச் சங்கத்து ஆட்களின் உதவியோடு, விடிய விடிய உட்கார்ந்து இதழைக் கொண்டுவந்தார்கள். "கைப்பற்றப்பட்டோம்... ஆனால் வாயடைக்கப்படவில்லை" என்பது தலைப்பு.

அதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட செய்தி அமைப்புகள் கண்டித்துக் கூட்டாகக் கடிதம் எழுதியிருந்தன. வழக்கை மாநிலப் புலனாய்வுத் துறை ஏற்றுக்கொண்டது. அதே புதன்கிழமை கவுண்டியின் அரசு வழக்கறிஞர் வாரண்டுகளைத் திரும்பப் பெற்றார். சொல்லப்பட்ட குற்றத்துக்கும், சோதனையிட்ட இடங்களுக்கும், எடுத்த பொருட்களுக்கும் இடையே சட்டப்படி போதுமான தொடர்பைக் காட்டும் ஆதாரம் இல்லை என்பது அவர் அறிக்கை. ஐந்து நாளில் ஆராய்ந்து சொன்ன அதே விஷயத்தை ஐந்து நாள் முன்பு சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. அவருடைய சகோதரர் அந்த உணவக உரிமையாளர் தொழில் நடத்திய விடுதியின் சொந்தக்காரர்களில் ஒருவர் என்பதும் அப்போது பேச்சானது. சிறிய ஊரில் எல்லோரும் யாருக்கோ உறவுதான். அதனால்தான் அங்கே விலகி நிற்கும் வழக்கம் பெருநகரத்தை விட அதிகம் தேவைப்படுகிறது.

பொருட்கள் திரும்பி வந்தன. அப்புறம் தெரிந்தது, எடுத்த தரவுகளில் 17 ஜிகாபைட் அளவுக்கு ஒரு யுஎஸ்பி டிரைவில் நகலெடுத்து ஷெரிஃப் அலுவலகத்தில் வைத்திருந்தார்கள். கைப்பற்றிய பொருட்களின் பட்டியலில் அது இல்லை. அதற்குத் தனியாக ஒரு போராட்டம்.

பின்தொடர்ந்த இரண்டு ஆண்டுகள்

செப்டம்பர் இறுதியில் மேயர் காவல் தலைவரைப் பணியிடை நீக்கம் செய்தார். அக்டோபர் 2 அன்று அவர் ராஜினாமா செய்தார். கையெழுத்திட்ட மாஜிஸ்திரேட் மீது போன புகார், நீதித்துறை ஒழுங்குக் குழுவில் நடவடிக்கை இல்லாமல் முடிந்தது. பத்திரிகைக்கு நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கில் புதிய சந்தாக்கள் வந்தன. மேரியனை வரைபடத்தில் காட்டச் சொன்னால் திணறக்கூடியவர்கள், அந்த ஊர் நகர மன்றச் செய்தியைக் காசு கொடுத்து வாங்கினார்கள்.

2024 ஆகஸ்டில், வேறு கவுண்டிகளைச் சேர்ந்த இரண்டு அரசு வழக்கறிஞர்கள் சிறப்பு அலுவலர்களாக 124 பக்க அறிக்கை தந்தார்கள். பத்திரிகையினர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. காவல்துறை அரைகுறையாக விசாரித்து, தவறான முடிவுக்கு வந்து, அந்தத் தவறை நம்பியே வாரண்ட் கேட்டது. ஆனால் தவறாக நம்புவது குற்றமாகாது என்பதால், சோதனை நடத்தியதற்காக எவர் மீதும் வழக்கில்லை. முன்னாள் காவல் தலைவர் மீது மட்டும் ஒரு குற்றச்சாட்டு பதிவானது. சோதனைக்குப் பிறகு, தனக்கும் சாட்சியான உணவக உரிமையாளருக்கும் இடையே போன குறுஞ்செய்திகளை அழிக்கத் தூண்டினார் என்பது அது.

கைபேசி பிடுங்கப்பட்ட செய்தியாளருக்கு 2024-இல் 2,35,000 டாலர் சமரசத் தொகை கிடைத்தது. 2025 நவம்பரில் கவுண்டி நிர்வாகம் மற்ற வழக்குகளில் தன் பங்குக்கு 30 லட்சம் டாலருக்குச் சற்று மேல் தரச் சம்மதித்தது. வாரண்டுகளை எழுதியதிலும் நிறைவேற்றியதிலும் பங்கெடுத்ததற்கு ஷெரிஃப் அலுவலகம் வருத்தம் தெரிவித்து அறிக்கையும் தந்தது. கவனியுங்கள், இது சோதனையை முன்னின்று நடத்திய நகரம் அல்ல, கூடப் போன கவுண்டி. கவுண்டியின் மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்தால் தலைக்கு 250 டாலர் சொச்சம் வருகிறது.

என்ன மாற வேண்டும்

காவல்துறைக்கு முதல் மாற்றம், யார் விசாரிப்பது என்பது. பத்திரிகை தன்னைப் பற்றி விசாரிக்கிறது என்று தெரிந்த அன்றே, அந்தப் பத்திரிகை மீதான எந்தப் புகாரையும் காவல் தலைவர் பக்கத்து அமைப்புக்கு மாற்றியிருக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, ஒரு கடிதம் போதும்.

இரண்டாவது, அவசரம் எதற்கு? ஆகஸ்ட் 4 மின்னஞ்சலிலேயே வெளியீட்டாளர் விஷயத்தைச் சொல்லிவிட்டார். ஓடி ஒளியப் போகிறவர் இல்லை, ஆதாரத்தை அழிக்கப் போகிறவரும் இல்லை. உட்கார வைத்துக் கேட்டிருந்தால் எப்படித் தேடினோம் என்று அவர்களே சொல்லியிருப்பார்கள்.

அரசு வழக்கறிஞர், நீதிமன்றம் ஆகிய இரண்டு மேசைகளும் வடிகட்டிகள். வாரண்ட் விண்ணப்பத்தில் பத்திரிகை அலுவலகத்தின் முகவரியைக் கண்டதுமே, 1980 சட்டத்தின் எந்த விதிவிலக்கின் கீழ் இதைக் கேட்கிறீர்கள் என்று எழுத்தில் பதில் வாங்குவதை வழக்கமாக்கலாம். ஒரே ஒரு வரிக் கேள்வி. அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தாலே விண்ணப்பம் தானாக நின்றிருக்கும்.

கூடப் போகும் அமைப்புகளுக்கு இது தனிச் செய்தி. நகரப் போலீஸ் கூப்பிட்டது, உதவிக்குப் போனோம் என்பது நீதிமன்றத்தில் நிற்கவில்லை. உதவிக்குப் போகும் முன் வாரண்டை நாமும் ஒருமுறை படிக்க வேண்டும் என்பதை 30 லட்சம் டாலர் கொடுத்து அந்தக் கவுண்டி தெரிந்துகொண்டது.

பத்திரிகையின் பக்கமும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சரிபார்த்ததும், வெளியிடாமல் நிறுத்தியதும், காவல்துறைக்குத் தெரிவித்ததும் என் பார்வையில் நல்ல முடிவுகளே. சிலர் அந்த மின்னஞ்சலே தேவையில்லாதது, அதுதான் வினையை இழுத்து வந்தது என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இதுபோன்ற தகவல் கையில் வந்ததும், காவல்துறைக்கு எழுதும் முன் ஊடகச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசியிருக்கலாம். தேடும் முன்பே, எந்தக் காரணத்தைத் தேர்ந்தெடுக்கிறோம், ஏன் என்று ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கலாம். எல்லாவற்றையும் விடச் சாதாரணமான விஷயம் ஒன்று: பக்கங்களும் விளம்பரக் கோப்புகளும் அலுவலகத்துக்கு வெளியே ஒரு பிரதி இருந்திருந்தால், அந்தச் செவ்வாய் இரவில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து விளம்பரங்களை முதலிலிருந்து உருவாக்க வேண்டி வந்திருக்காது. போலீஸ் வராவிட்டாலும் மின்னல் வரும், வெள்ளம் வரும், ஹார்டு டிஸ்க் போகும்.

நகர மன்றத்துக்குக் கடைசியாக ஒன்று. ஆகஸ்ட் 7 கூட்டத்தில் ஓர் உறுப்பினர் மீது பொதுவில் குற்றச்சாட்டு வந்தது. அந்த இடத்திலேயே, இதை நகர வழக்கறிஞர் பார்த்து அடுத்த கூட்டத்தில் அறிக்கை தரட்டும் என்று ஒரு தீர்மானம் போட்டிருந்தால், எல்லாம் இரண்டு வாரம் தள்ளிப் போயிருக்கும். அனுமதி விஷயத்தை முடித்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போனார்கள். நான்கு நாள் கழித்து அந்த உறுப்பினரின் வீட்டு வாசலில் போலீஸ் நின்றது.